ஓதுவதும் படிப்பதும் எதற்காக? - அறிஞர் சித்தி லெப்பை (ரஹ்) அவர்களின் வாழ்வு தரும் பாடம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



தமிழ் முஸ்லிம்களாகிய நம்முடைய வீடுகளில் கல்விக்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. குர்ஆனை நாம் ஓதுகிறோம். பள்ளிக்கூடப் பாடத்தைப் படிக்கிறோம். பிள்ளை ஓதப் போயிருக்கிறான் என்றால் மதரஸாவுக்குப் போயிருக்கிறான் என்று பொருள். படிக்கப் போயிருக்கிறான் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறான் என்று பொருள். சொல் இரண்டாக இருப்பதில் குற்றமில்லை. இறைவேதத்துக்குத் தனிச் சொல் வைத்தது நம் முன்னோர்களின் அதபு, மரியாதை. ஆனால் சொல் இரண்டானது போல நோக்கமும் இரண்டாகப் பிரிந்துபோனதுதான் நமக்கு நேர்ந்த பெரும் நஷ்டம். ஓதுவது பரக்கத்துக்காக, படிப்பது சம்பளத்துக்காக என்று நாமே ஒரு கோட்டைப் போட்டுவிட்டோம். இதன் விளைவாக, ஓதியவனிடம் அதன் பொருளை யாரும் கேட்பதில்லை. படித்தவனிடம் அவன் படிப்பால் யாருக்குப் பயன் என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையுள்ள நம் பகுதியில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த இந்தப் பூமியில் இன்று கார்களும், கார்களுக்கான உதிரி பாகங்களும், மின்னணுச் சாமான்களும் உற்பத்தியாகின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் பெரிய கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு நம் மஹல்லாக்களில் பிள்ளையைப் படிக்க வைப்பது என்பதற்கு ஏதேனும் ஒரு கம்பெனியின் வாசலுக்குள் அனுப்பி வைப்பது என்பதே பொருளாகிவிட்டது. ஹலாலான உழைப்பை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிய்யத்துடன் இரவு ஷிப்ட்டுக்குப் போகும் வாலிபனுக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 2006-இல் இதே ஸ்ரீபெரும்புதூரில் செல்பேசி செய்யும் பெரிய ஆலை ஒன்று திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் அதில் வேலை பார்த்தார்கள். 2014-இல் அது மூடப்பட்டது. அந்த ஆலையின் வாசலை மட்டும் குறியாக வைத்துப் படித்த படிப்புக்கு, வாசல் அடைபட்ட மறுநாள் என்ன பொருள் மிஞ்சும்?

இந்தக் கேள்வி புதிதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே, கடலுக்கு அப்பால், நம்மைப் போலவே தமிழ் பேசிய ஒரு முஸ்லிம் சமுதாயத்தின் முன்னும் இதே கேள்வி நின்றது. அதற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த ஒரு பெரியாரின் வரலாற்றைத்தான் இங்கே எடுத்துரைக்க நாடுகிறேன். அவர்கள்தாம் இலங்கை கண்டி நகரத்து அறிஞர் முஹம்மது காசிம் சித்தி லெப்பை (ரஹ்) அவர்கள்.

அன்னார் 1838-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் கண்டியில் பிறந்தார்கள். அவர்களுடைய தந்தையாரும் சட்டம் பயின்று வழக்கறிஞராக விளங்கியவர். அந்தக் காலத்து இலங்கை முஸ்லிம்களில் அது மிக அபூர்வம். சித்தி லெப்பை அவர்கள் சிறு வயதிலேயே குர்ஆனை ஓதி முடித்து, அரபு மொழியைக் கற்றார்கள். தமிழில் தேர்ந்தார்கள். ஆங்கிலத்தையும் நன்கு பயின்றார்கள். பிறகு சட்டம் படித்து, 1862-இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1864-இல் உச்ச நீதிமன்றத்திலும் பிராக்டர் எனப்படும் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்கள். கண்டி நகரசபையிலும் அங்கம் வகித்தார்கள். செல்வம், செல்வாக்கு, வெள்ளைக்கார அதிகாரிகளிடத்தில் மதிப்பு ஆகிய மூன்றும் அவர்களுக்கு இருந்தன. நம் வீடுகளில் இன்று பிள்ளைகளுக்காக நாம் கேட்கும் துஆ முழுவதும் அவர்களுக்கு முப்பது வயதுக்குள்ளேயே கபூலாகிவிட்டது என்று சொல்லலாம்.

அந்நாளைய கண்டி எப்படி இருந்தது என்பதையும் அறிந்துகொள்வது அவசியம். மலைகளெல்லாம் காப்பித் தோட்டங்கள். காப்பி பெரும் பணத்தைக் கொண்டுவந்து கொட்டியது. அதை ஏற்றிச் செல்வதற்காகவே கொழும்பிலிருந்து இரயில் பாதை போட்டு, 1867-இல் கண்டி வரை கொண்டுவந்தார்கள். மலைநாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் கடை வைத்தவர்கள், அல்லது மாடுகளின் மேல் பொதியேற்றி ஊர் ஊராகச் சரக்குக் கொண்டுபோன வியாபாரிகள். கையில் காசு புழங்கியது. கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் படித்து ஆவதென்ன என்று எண்ணினார்கள். ஆனால் 1869-இல் காப்பி இலையில் ஒரு நோய் தோன்றியது. இலையின் அடியில் மஞ்சள் துருப் போலப் படர்ந்த அந்த நோய் அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் தோட்டம் தோட்டமாக அழித்துவிட்டது. 1884-இல் அந்நாட்டின் பெரிய வங்கியொன்றும் முறிந்து விழுந்தது. பிறகு அந்த மலைகளில் தேயிலை வந்தது. காப்பியை நம்பி வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் நிலைகுலைந்தன. ஒரு தொழிலை மட்டும் நம்பி நின்ற வாழ்வு அந்தத் தொழிலோடு சாய்ந்ததைச் சித்தி லெப்பை அவர்களின் காலத்துக் கண்டி கண்ணாரக் கண்டது.

அந்தச் சமயத்தில் முஸ்லிம்களின் கல்வி நிலை மிகவும் பரிதாபமாக இருந்தது. ஓதும் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக் குர்ஆன் ஓதினார்கள். ஆனால் பொருள் அறியவில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடங்களோ பெரும்பாலும் கிறிஸ்தவப் பாதிரிமார்களின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் பறிபோகும் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஈமானைக் காக்க வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த அச்சம் அது. ஆனால் அச்சம் மட்டும் ஒரு சமுதாயத்தைக் காப்பாற்றாது. ஓதியவர்களுக்கு உலகம் தெரியவில்லை. உலகம் தெரிந்தவர்களுக்கு மார்க்கம் தெரியவில்லை. பெண்களுக்கோ இரண்டுக்குமே வழியில்லை.

இந்த நிலையைக் கண்ட சித்தி லெப்பை அவர்கள், தாம் கற்ற கல்வி தம்முடைய சட்டைப் பையை நிரப்புவதோடு முடிந்துபோகக் கூடாது என்று உணர்ந்தார்கள். வழக்கு மன்றத்தில் சம்பாதித்த பொருளையும், சம்பாதிக்க வேண்டிய நேரத்தையும் சமுதாயத்தின் கல்விக்காகச் செலவிடத் தொடங்கினார்கள். 1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் நாள் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையை வெளியிட்டார்கள். படிப்பின் அவசியம், முஸ்லிம் நாடுகளின் செய்திகள், சமுதாயத்தில் களைய வேண்டிய குறைகள் என்று வாரந்தோறும் எழுதினார்கள். கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வியாபாரியின் கைக்கு, அவன் பேசும் தமிழிலேயே உலகம் வந்து சேர்ந்தது. அது மட்டுமின்றிக் கடல் கடந்து வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களும் அதைப் படித்தார்கள்.

மறு ஆண்டு, 1883 ஜனவரியில், எகிப்து நாட்டின் தளபதி அஹ்மது உராபி பாஷா அவர்களை ஆங்கில அரசு நாடு கடத்தி இலங்கைக்கு அனுப்பியது. உராபி பாஷா அவர்கள் இளமையில் அல் அஸ்ஹரில் ஓதியவர்கள். பிறகு படையில் சேர்ந்து உயர்ந்தவர்கள். தோல்வியுற்று, நாடிழந்து வந்த அந்தப் பெருமகனாரின் வருகை இலங்கை முஸ்லிம்களின் உள்ளத்தில் புதிய விழிப்பை உண்டாக்கியது. சித்தி லெப்பை அவர்களுக்கு அவர்கள் உற்ற துணையானார்கள்.

1884-இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. மார்க்கக் கல்வியும் ஆங்கிலக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடைபெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் நடந்தது என்ன? போதிய ஆதரவு கிட்டாமல் அந்தப் பள்ளிக்கூடம் நிலைக்காமல் போயிற்று. மக்கள் சந்தேகப்பட்டார்கள், எதிர்த்தார்கள். நம்மில் ஒருவராக இருந்தால், இந்தச் சமுதாயம் திருந்தாது என்று கையை உதறிவிட்டு நீதிமன்றத்துக்கே திரும்பிப் போயிருப்போம். சித்தி லெப்பை அவர்கள் சோர்ந்துவிடவில்லை. கூட்டங்கள் கூட்டிப் பேசினார்கள். கண்டி, கம்பளை, குருநாகல், மாத்தளை போன்ற ஊர்களில் பள்ளிக்கூடங்கள் உண்டாகப் பாடுபட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1892-இல், கொழும்பு மருதானைப் பள்ளிவாசலின் அருகே மீண்டும் ஒரு மதரஸா மலர்ந்தது. அதுவே இன்று ஸாஹிராக் கல்லூரி என்று புகழ் பெற்று விளங்குகிறது.

அந்தப் பணியில் அவர்களுக்குத் தோள் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற கட்டடக் கலைஞர். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர் அவர்தாம். கற்றறிந்த வழக்கறிஞரும், நாடிழந்த தளபதியும், கட்டடம் கட்டும் மேஸ்திரியும் ஒன்றுசேர்ந்து பிள்ளைகளின் கல்விக்கு அஸ்திவாரம் போட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கல்வி படித்தவர்களின் தனிச் சொத்தன்று. படித்தவர் அறிவைத் தந்தார். பொருளுள்ளவர் பொருளைத் தந்தார். மூவருக்கும் பலன் ஒன்றே.

பெண் மக்களின் கல்வியில் அவர்கள் காட்டிய அக்கறை தனியே சொல்லப்பட வேண்டியது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்கள். அதைத் தம்முடைய சகோதரியாரின் பொறுப்பிலேயே ஒப்படைத்தார்கள். பிறர் வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிவிட்டுத் தம் வீட்டுப் பெண்ணை மறைத்து வைத்தவர்கள் அல்லர். பெண் படித்தால் சம்பாதிக்கப் போவாளா என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால், அந்தக் காலத்தில் பெண் கல்விக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது. படிப்பின் நோக்கம் அதைவிடப் பெரிது என்று அறிந்ததால்தான் அவர்களால் அந்தப் பள்ளியைத் திறக்க முடிந்தது. பிள்ளையின் முதல் உஸ்தாது தாய் அல்லவா?

அவர்கள் எழுதிய நூல்களைப் பார்த்தாலும் இதே நோக்கம் தெரியும். அரபு இலக்கணத்தைத் தமிழர்கள் எளிதில் கற்பதற்காக ஒரு நூல் எழுதினார்கள். தொழுகையின் சட்டங்களைச் சிறுவர்கள் அறிவதற்காக ஒரு நூல் எழுதினார்கள். 1885-இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார்கள். தமிழில் தோன்றிய முதல் நாவல்களுள் அதுவும் ஒன்று. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒரு பிள்ளையின் கதை அது. கதையைக் கூட வீண் பொழுதுபோக்காக அவர்கள் எழுதவில்லை. முஸ்லிம் வாலிபன் எப்படிக் கற்க வேண்டும், எப்படி ஒழுக வேண்டும் என்பதைக் கதையின் வழியே காட்டினார்கள். வாழ்வின் இறுதிக் காலத்தில், 1897-இல், 'அஸ்ராருல் ஆலம்' என்ற ஆத்மஞான நூலை எழுதினார்கள். படைப்பின் இரகசியங்களையும் படைத்தவனை அறியும் வழியையும் பற்றியது அது. சட்டப் புத்தகத்தில் தொடங்கிய படிப்பு அல்லாஹ்வை அறியும் படிப்பில் வந்து நிறைவெய்தியது. அதற்கு மறு ஆண்டு, 1898 பிப்ரவரி 5-ஆம் நாள், தம் அறுபதாவது வயதில் அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மருதானையில் நட்ட செடி மரமாகிக் காய்த்ததை அவர்கள் காணவில்லை. 1921-இல் டி.பி. ஜாயா அவர்கள் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற பின்னரே ஸாஹிரா பெரும் வளர்ச்சி கண்டது. காப்பித் தோட்டங்களில் சம்பாதித்தவர்களின் பெயர் எங்கே போயிற்று? தாம் படித்ததைப் பிறருக்குக் கொடுத்தவரின் பெயரோ இன்றும் துஆவோடு நினைக்கப்படுகிறது. மனிதன் மரணித்த பிறகும் நன்மை வந்துகொண்டிருக்கும் வழிகளில் ஒன்றாகப் பயனளிக்கும் கல்வியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டிருப்பதன் விளக்கம் இதுவே.

படித்தவர் தம் படிப்பின் நோக்கத்தைத் தாமே விசாரித்துக்கொள்வது நம் மார்க்கத்தின் பழைய பண்பு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். கி.பி. 1091-இல் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியர் பதவி அவர்களைத் தேடி வந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் அவர்கள் முன் அமர்ந்து ஓதினார்கள். 1095-இல் தம் உள்ளத்தையே அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, அல்லது பெயருக்கும் புகழுக்குமா என்று தம்மையே கேட்டுக்கொண்டபோது, கிடைத்த விடை அவர்களை நடுங்க வைத்தது. பாடம் நடத்த நாவெழவில்லை. பதவியைத் துறந்து வெளியேறினார்கள். திமிஷ்கிலும் பைத்துல் முகத்தஸிலும் தனித்திருந்து, ஹஜ்ஜை நிறைவேற்றி, நிய்யத்தைத் தூய்மை செய்துகொண்ட பிறகே 1106-இல் மீண்டும் நைஷாப்பூரில் கற்பிக்க அமர்ந்தார்கள். ஓதியவர்களாகிய எங்களுக்கு இதில் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. ஆலிம் என்று அழைக்கப்பட வேண்டும் என்பதற்காகவே கல்வி கற்றவன் மறுமையில் முதன்முதலில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறுவோரில் ஒருவனாக இருப்பான் என்பது ஹதீஸின் கருத்து. சம்பளத்துக்காக மட்டும் படிக்கும் வாலிபனைக் குறை சொல்லும் நாங்கள், புகழுக்காகவும் வாதத்தில் வெல்வதற்காகவும் கிதாபைப் புரட்டினால் அவனைவிட மோசமானவர்களே ஆவோம்.

முதன்முதலாக இறங்கிய வஹியிலேயே ஓதும்படி கட்டளை வந்தது. ஆனால் படைத்த இறைவனின் திருநாமத்தால் ஓத வேண்டும் என்றே அந்தக் கட்டளை அமைந்தது. எதை ஓதினாலும், எதைப் படித்தாலும் அவன் பெயரோடு இணைந்திருக்க வேண்டும் என்பதே அதன் தாத்பரியம். அப்படி இணைந்துவிட்டால் அரபுக் கிதாபும் இபாதத்தே. எந்திரவியல் பாடமும் இபாதத்தே. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த ஆசிரியர்கள் அப்போது ஈமான் கொண்டவர்கள் அல்லர். ஆனாலும் கல்வி நல்ல நோக்கத்துக்காகப் பெறப்பட்டது. அதே பெருமானார் (ஸல்) அவர்கள் பயன் தராத கல்வியை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவலும் தேடினார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அளவுகோல் கிடைத்துவிடும். எந்த இடத்தில் கற்றாய் என்பதைவிட, யாருக்காகக் கற்றாய், கற்றதால் நீ என்ன ஆனாய், உன்னால் யாருக்கு என்ன பயன் என்பதே விசாரணை.

ஆகவே அன்பர்களே, பிள்ளையைத் தொழிற்பயிற்சிக்கும் கல்லூரிக்கும் தாராளமாக அனுப்புங்கள். நல்ல வேலை கிடைக்க துஆச் செய்யுங்கள். ஆனால் சேர்க்கும் நாளிலேயே அவனை அருகில் அமர்த்தி, நிய்யத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஹலாலாகச் சம்பாதிப்பது, பெற்றோரைக் காப்பது, படிக்காத ஒருவருக்காவது தன் படிப்பால் உதவுவது என்று அந்த நிய்யத் இருக்கட்டும். ஓத அனுப்பும் பிள்ளையிடம் எத்தனை ஜுஸ்உ முடிந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், இன்று ஓதிய சூராவின் கருத்து என்ன என்றும் கேளுங்கள். தெரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து நீங்களும் அவனும் சேர்ந்து பாருங்கள். மஃரிபுக்குப் பிறகு கால் மணி நேரமாவது தொலைக்காட்சியையும் செல்பேசியையும் மூடிவைத்து, வீட்டில் ஒருவர் நல்ல நூலொன்றைப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் வீடுகளில் எல்லோரும் சேரும் நேரம் எதுவோ அதுவே போதும்.

நம் மஹல்லாக்களில் கம்பெனி வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வாலிபர்கள் பலர் இருக்கிறார்கள். பட்டயமும் பட்டமும் பெற்றவர்கள் அவர்கள். வார விடுமுறையில் இரண்டு மணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து மஹல்லாப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தரும்படி ஜமாஅத்தார் அவர்களை அழைக்கலாம். அவர்களுக்கு ஓதுவதில் குறையிருந்தால் இமாம் அதைத் தீர்த்து வைக்கலாம். ஓதியவரும் படித்தவரும் ஒரே திண்ணையில் அமர்ந்துவிட்டால், சித்தி லெப்பை அவர்கள் விரும்பிய பள்ளிக்கூடம் அங்கேயே திறந்துவிட்டது என்று பொருள். அதற்குக் கட்டடமும் வேண்டாம், வசூலும் வேண்டாம்.

பெண் பிள்ளை பத்தாவதோடு நின்றுவிட்ட வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அவளுக்கு வேலை கிடைக்குமா என்று கணக்குப் பார்த்து நிறுத்தியிருந்தால், அந்தக் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பாருங்கள். நாளை அவள் மடியில் வளரப்போகும் பிள்ளைகள் எதை ஓதும், எதைப் படிக்கும் என்பது அவள் இன்று படிப்பதைப் பொறுத்தது. கண்டியில் ஒரு சகோதரி தம் சகோதரரின் சொல்லை ஏற்று ஊரார் வீட்டுப் பெண்களுக்கு எழுத்தறிவித்தார். நம் ஊரிலும் அத்தகைய சகோதரிகள் உண்டு. அழைக்கத்தான் ஆளில்லை.

ஆலைகள் வரும், போகும். காப்பி போய்த் தேயிலை வந்தது போல ஒரு தொழில் போய் இன்னொன்று வரும். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அவன் ஒரு வாசலை அடைத்தால் வேறொரு வாசலைத் திறப்பான். ஆனால் அவனுக்காகக் கற்று, அவனுடைய அடியார்களுக்குக் கற்பித்த கல்வி கப்ரு வரை நம்மோடு வரும். அதற்கு அப்பாலும் ஒளியாக நிற்கும்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயன் தரும் கல்வியைத் தந்தருள்வாயாக! கற்றதைக் கொண்டு அமல் செய்யவும், அதைப் பிறருக்கு எத்திவைக்கவும் தௌபீக் செய்வாயாக! கல்விக்காகப் பாடுபட்ட பெரியார்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.